லெவர்குசன் 2023-24: கடைசி நிமிட கோல்களை அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது

கேள்வி இது: பேயர் லெவர்குசன் 2023-24 சீசனில் ஜெர்மன் கால்பந்து லீக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை, சரி, ஆனால் பாதி ஆட்டங்களை இஞ்சுரி டைமில்தானே (90 நிமிடத்துக்குப் பிறகு ரெஃபரி கூட்டித் தரும் நேரம்) காப்பாற்றினார்கள், இதில் திறமை எங்கே இருக்கிறது? அவ்வளவு பெரிய டீம் என்றால் ஐரோப்பாவின் இரண்டாம் நிலை கிளப் போட்டியான ஐரோப்பா லீக்கின் இறுதிப் போட்டியில் இத்தாலியின் அட்டலாண்டாவிடம் மூன்று கோல் வாங்கியது எப்படி?

முதலில் அந்தப் "பாதி" கணக்கைச் சரிசெய்வோம். லீக்கில் 34 ஆட்டங்கள், 28 வெற்றி, 6 டிரா. அடித்தது 89 கோல், வாங்கியது 24. மொத்தம் 90 புள்ளிகள். இரண்டாமிடம் வந்த ஸ்டுட்கார்ட்டுக்கு 73, மூன்றாமிடத்துக்குப் போன பயர்ன் மியூனிக்குக்கு 72. டார்ம்ஸ்டாட்டை 5-1, ஹைடன்ஹைமை 4-1, யூனியன் பெர்லினை 4-0, போஹுமை ஒருமுறை 4-0 இன்னொருமுறை 5-0, ஃபிராங்ஃபர்ட்டை அவர்கள் ஊரிலேயே 5-1 என்று சத்தமில்லாமல் முடித்த ஆட்டங்கள் வரிசையாக உண்டு. அவை யார் நினைவிலும் நிற்காது. 97-வது நிமிட கோல்தான் நிற்கும். அதனால் அந்த சீசன் முழுக்கவே நூலிழையில் தப்பித்ததுபோல ஒரு தோற்றம் வந்துவிட்டது.

கடைசி நிமிட கோல்கள் நிறையவே வந்தன, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவை எப்படி வந்தன என்று பார்த்தால் அதிர்ஷ்டம் என்ற சொல் போதாது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும்.

இந்த கிளப் ஆஸ்பிரின் செய்யும் பேயர் கம்பெனியின் தொழிலாளர்கள் 1904-இல் தொடங்கியது. இன்றும் கம்பெனிக்கே சொந்தம். ஜெர்மனியில் பொதுவாக கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்று விதி, லெவர்குசனுக்கும் வோல்ஃப்ஸ்பர்க்குக்கும் நீண்டகாலத் தொடர்பு காரணமாக விலக்கு கொடுத்திருக்கிறார்கள். மற்ற ஊர் ரசிகர்களுக்கு இதனாலேயே இந்த கிளப் மேல் ஓர் இளக்காரம். அதைவிடப் பெரிய இளக்காரம், இவர்கள் எப்போதும் இரண்டாவதாகத்தான் வருவார்கள் என்பது. 2000-இல் கடைசி ஆட்டத்தில் உன்டர்ஹாக்கிங் என்ற சின்ன கிளப்புக்கு எதிராக ஒரு டிரா போதும், பட்டம் கையில். மிஷாயெல் பல்லாக் தன் வலையிலேயே கோல் போட்டார், 2-0 தோல்வி, கோல் வித்தியாசத்தில் பட்டம் பயர்னுக்குப் போனது. 2002 இன்னும் கொடுமை. மூன்று ஆட்டங்கள் மீதமிருக்க 5 புள்ளி முன்னிலை, லீக்கை ஒரு புள்ளியில் டோர்ட்முண்டிடம் விட்டார்கள். ஜெர்மன் கோப்பை இறுதியில் ஷால்கவிடம் 4-2. சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ரியல் மாட்ரிடிடம் 2-1, ஸினெடின் ஸிடான் காற்றிலேயே அடித்த அந்த கோல் நினைவிருக்கும். ஒரே சீசனில் மூன்று இரண்டாமிடம். கிளப் அதுவரை ஜெயித்ததே 1988 யூஈஎஃப்ஏ கோப்பையும் 1993 ஜெர்மன் கோப்பையும்தான், அதற்கப்புறம் முப்பது வருஷம் அலமாரி காலி.

2022 அக்டோபரில் சாபி அலோன்சோ கோச்சாக வரும்போது எட்டு ஆட்டங்களில் 5 புள்ளி, பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். அவருக்கு அதுவரை பெரியவர்கள் அணியில் கோச் அனுபவம் என்றால் ரியல் சொசியடாடின் இரண்டாம் அணி மட்டும். முதல் ஆட்டத்தில் ஷால்கவை 4-0 அடித்தார்கள். அந்த சீசன் ஆறாமிடம், ஐரோப்பா லீக் அரையிறுதியில் மொரீனியோ கோச்சாக இருந்த இத்தாலியின் ரோமாவிடம் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 1-0 தோல்வி. ரோமா முட்டுக்கட்டை போட்டு உட்கார்ந்துகொண்டது, லெவர்குசன் பந்தை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது, கோல் வரவில்லை. அடுத்த வருஷத்துக்கான பாடம் அந்த இரண்டு ஆட்டங்களிலேயே இருந்தது என்பது என் எண்ணம். வேகமாக எதிர்த்தாக்குதல் செய்யத் தெரிந்த டீமுக்கு, மூடிக்கொண்டு உட்காருபவர்களைத் திறக்கத் தெரியவில்லை.

2023 கோடையில் ஸ்போர்டிங் டைரக்டர் (ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் பொறுப்பாளர்) ஸிமோன் ரோல்ஃபஸ் செய்த வேலையை ஐரோப்பாவில் வேறு யாரும் அந்த வருஷம் செய்யவில்லை. மின்னல் வேக மூஸா டியாபியை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றார்கள். வந்தவர்கள்: ஆர்சனலிலிருந்து கிரானிட் ஜாக்கா, பென்ஃபிகாவிலிருந்து ஒரு காசு டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல் அலெக்ஸ் கிரிமால்டோ, பெல்ஜியத்தின் யூனியன் சான்-ஜிலுவாஸிலிருந்து விக்டர் போனிஃபேஸ், கிளாட்பாக்கிலிருந்து யோனாஸ் ஹோஃப்மான், பயர்னிலிருந்து கடனாக யோசிப் ஸ்டானிசிச். ஏற்கெனவே இருந்தவர்கள் ஃப்ளோரியன் விர்ட்ஸ், ஜெரமி ஃபிரிம்போங், யோனதான் டா, எட்மண்ட் டாப்சோபா, எசெக்கியேல் பலாசியோஸ், ராபர்ட் ஆண்ட்ரிஹ். இதில் ஜாக்காவைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லணும். ஆர்சனல் ரசிகர்களிடம் ஒரு காலத்தில் சொந்த மைதானத்திலேயே கூச்சல் வாங்கிய மனிதர், வயது முப்பதைத் தாண்டியவர். லெவர்குசனில் அவர் செய்தது ஒன்றுதான்: பந்தைக் கேட்பது, கொடுப்பது, மறுபடி கேட்பது. ஆட்டம் 0-2 என்று இருந்தாலும் 3-0 என்று இருந்தாலும் அவர் நடை மாறாது.

டீம் நின்ற விதம் மூன்று டிஃபெண்டர், இரண்டு பக்கமும் விங்பேக் (ஓரமாக ஓடித் தடுக்கவும் தாக்கவும் செய்பவர்), நடுவில் ஜாக்காவும் பலாசியோஸோ ஆண்ட்ரிஹோ, அவர்களுக்கு முன்னால் விர்ட்ஸும் ஹோஃப்மானும், உச்சியில் ஒரு ஸ்ட்ரைக்கர். காகிதத்தில் விங்பேக், ஆனால் லீக்கில் கிரிமால்டோ 10 கோல், ஃபிரிம்போங் 9 கோல். அதிகம் அடித்த போனிஃபேஸே 14 தான். அதே சீசனில் பயர்னின் ஹாரி கேன் 36 அடித்தார், ஸ்டுட்கார்ட்டின் கிராஸி 28. ஒருவரைப் பூட்டினால் லெவர்குசன் நின்றுவிடாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

இப்போது கடைசி நிமிட விஷயம். எண்பதாவது நிமிடம் ஆனதும் ஒரு கோல் பின்தங்கிய டீம் என்ன செய்யும்? உயரமான டிஃபெண்டரை முன்னால் அனுப்பி நீளமாகத் தூக்கி அடிக்கும், யார் தலையிலாவது படாதா என்று. லெவர்குசன் பெரும்பாலும் அதைச் செய்யவில்லை. அதே குட்டை பாஸ், அதே சுற்று, பெனால்டி பெட்டிக்கு வெளியே வலமும் இடமுமாகப் பந்து போய்க்கொண்டே இருக்கும். எதிரணி ஒன்றரை மணி நேரம் பந்தில்லாமல் பக்கவாட்டில் ஓடி ஓடிக் கால் கனத்துப் போயிருக்கும், அந்த நேரத்தில் அலோன்சோ பெஞ்சிலிருந்து புதிதாக இரண்டு மூன்று பேரை இறக்குவார். ஒரு இடைவெளி திறந்தே தீரும். ஒருமுறை நடந்தால் அதிர்ஷ்டம். பயர்னுக்கு எதிராக 94-வது நிமிடம் பலாசியோஸ் பெனால்டி, ஆக்ஸ்பர்கில் மறுபடி 94-இல் அதே பலாசியோஸ், லைப்சிக்கில் 91-இல் இன்காபியே, கோப்பைக் காலிறுதியில் ஸ்டுட்கார்ட்டுக்கு எதிராக 90-இல் டா, ஹோஃபன்ஹைமுக்கு எதிராக 88-இல் ஆண்ட்ரிஹும் 91-இல் ஸ்ட்ரைக்கர் பாட்ரிக் ஷிக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனால் அதற்குப் பெயர் பழக்கம்.

மார்ச் மாதம் ஐரோப்பா லீக்கில் அஜர்பைஜானின் கராபாக் கிளப்புடன் நடந்த இரண்டு ஆட்டங்கள்தான் இதற்கு நல்ல உதாரணம். குழுச் சுற்றில் ஆறுக்கு ஆறும் வென்றார்கள், அதில் இரண்டு வெற்றி இதே கராபாக்குக்கு எதிராக. ஆனால் நாக்-அவுட்டில் பாகுவில் ஆஃப் டைமுக்குள் 0-2. விர்ட்ஸ் ஒன்று, 92-இல் பாட்ரிக் ஷிக் ஒன்று, 2-2. ஒரு வாரம் கழித்து சொந்த மைதானத்தில் மறுபடி 0-2! நடுவில் கராபாக் ஆள் ஒருவர் ரெட் கார்டு வாங்கிப் போனார், பத்து பேரோடு இருக்கும்போதே இரண்டாவது கோலையும் அடித்தார்கள் என்பது அவர்கள் பெருமை. 72-இல் ஃபிரிம்போங் ஒன்றைத் திருப்பினார். அப்புறம் 93-இல் ஷிக், 97-இல் மறுபடி ஷிக், இரண்டும் பெட்டிக்குள் பந்து வந்த இடத்தில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் வந்த கோல்கள். 3-2. பத்து பேருக்கு எதிராக என்று சொல்லிக் குறைக்கலாம், குறைக்கிறவர்கள் குறைக்கட்டும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ரோமாவுடன் நடந்த அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், மே 9. முதல் ஆட்டத்தை ரோமில் 2-0 ஜெயித்துவிட்டு வந்திருந்தார்கள். இங்கே ரோமாவின் பரேடெஸ் இரண்டு பெனால்டி அடித்து மொத்தக் கணக்கைச் சமன் செய்துவிட்டார். 82-இல் ஒரு கார்னரில் ரோமாவின் மான்சினி தன் வலைக்குள்ளேயே பந்தை விட்டார், லெவர்குசனுக்கு இறுதிப் போட்டி கிட்டத்தட்ட உறுதி. அந்த நேரத்தில் எந்த டீமும் பந்தைக் கார்னர் கொடியோரம் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டும். ஆட்டத்தை 1-2 என்று தோற்றாலும் மொத்தத்தில் ஜெயம்தானே. ஆனால் 97-வது நிமிடத்தில், மாற்று ஆட்டக்காரராக வந்த ஸ்டானிசிச், அவர் டிஃபெண்டர், வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து அடித்தார். 2-2. இறுதிப் போட்டிக்குப் போக அந்த கோல் தேவையே இல்லை, தோற்கக் கூடாது என்பதற்கு மட்டும்தான் தேவை. அதோடு 49 ஆட்டங்கள் தோல்வியில்லாமல், பென்ஃபிகா 1963 முதல் 1965 வரை வைத்திருந்த 48 ஆட்டச் சாதனை போயிற்று.

அதிர்ஷ்டம் எங்கே இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் மைன்ஸுக்கு எதிரான வெற்றி கோல், ஆண்ட்ரிஹ் தூரத்திலிருந்து அடித்ததைக் கோல்கீப்பர் கைக்குள் வந்த பந்தை விட்ட கதை. அது பரிசுதான். இன்னொரு அதிர்ஷ்டம், பயர்ன் அந்த வருஷம் பயர்ன் மாதிரி இல்லை. மூன்றாம் டிவிஷன் சார்ப்ரூக்கனிடம் கோப்பையில் தோற்றார்கள், ஹைடன்ஹைமில் 2-0 முன்னிலையிலிருந்து 3-2 தோற்றார்கள். ஆனால் இந்த வாதம் ரொம்ப தூரம் போகாது. புண்டஸ்லிகா (ஜெர்மன் லீக்) வரலாற்றில் 90 புள்ளியைத் தாண்டியது 2012-13 பயர்னின் 91 மட்டும், அடுத்த வருஷம் அதே பயர்ன் 90. லெவர்குசனின் கணக்கு அந்த இரண்டு வருஷங்களைத் தவிர வேறு எந்த வருஷத்திலும் பட்டம் வாங்கித்தரும் கணக்கு. நேருக்கு நேராகவும் பார்க்கலாம்: மியூனிக்கில் 2-2, பிப்ரவரி 10 அன்று லெவர்குசனில் 3-0. அந்த இரண்டாவது ஆட்டத்தில் முதல் கோல் போட்டவர், பயர்ன் கடன் கொடுத்த அதே ஸ்டானிசிச். கொண்டாடவில்லை, மரியாதைக்கு. மூன்றாவது, கடைசி நிமிடத்தில் கோல்கீப்பர் மானுவேல் நோயர் கார்னருக்காக முன்னால் போய்விட, ஃபிரிம்போங் வெகு தூரத்திலிருந்து காலி வலைக்குள் அனுப்பியது. பதினொரு வருஷம் தொடர்ந்து பட்டம் வென்றவர்களின் ஆட்சி அன்றே முடிந்தது, கணக்கில் முடிய ஏப்ரல் ஆயிற்று.

ஜனவரியை மறந்துவிடக் கூடாது. ஆப்பிரிக்கக் கோப்பைக்காக டாப்சோபா புர்கினா ஃபாசோவுக்கும், கொசுனு ஐவரி கோஸ்டுக்கும், அட்லி மொராக்கோவுக்கும் போய்விட்டார்கள். போனிஃபேஸ் நைஜீரியா முகாமில் தொடை இடுக்கில் காயப்பட்டு ஏப்ரல் வரை இல்லை. முதல் ஸ்ட்ரைக்கரும் இரண்டு டிஃபெண்டர்களும் இல்லாமல்தான் ஆக்ஸ்பர்கையும் லைப்சிக்கையும் அவர்கள் ஊர்களில் ஜெயித்தார்கள். (கொசுனு வெறுங்கையோடு வரவில்லை, பயர்னை இவர்கள் 3-0 அடித்த மறுநாள் அவர் அங்கே ஆப்பிரிக்கக் கோப்பையை ஜெயித்தார்.)

ஏப்ரல் 14, வெர்டர் பிரேமன். ஐந்து ஆட்டங்கள் மீதமிருக்க, ஜெயித்தால் பட்டம். நூற்றிருபது வருஷ கிளப்பின் முதல் லீக் பட்டத்துக்கான ஆட்டத்தில் அலோன்சோ விர்ட்ஸை பெஞ்சில் வைத்தார்! நான்கு நாள் கழித்து லண்டனில் வெஸ்ட் ஹாமுடன் ஆட வேண்டும், அந்தக் கணக்கு. போனிஃபேஸ் பெனால்டி, ஜாக்கா தூரத்திலிருந்து ஒன்று, ஆஃப் டைமில் இறங்கிய விர்ட்ஸ் மூன்று. அவருடைய இரண்டாவது கோலுக்கே கூட்டம் மைதான ஓரத்துக்கு இறங்கிவிட்டது, பின்னால் போங்கள் என்று விர்ட்ஸே கை காட்டினார். 90-இல் மூன்றாவது விழுந்ததும் யாரும் கேட்கவில்லை, மொத்தக் கூட்டமும் உள்ளே, ரெஃபரி அதோடு விசில் ஊதிவிட்டார். 5-0.

அப்புறம் டப்ளின், மே 22, ஐரோப்பா லீக் இறுதி. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் பதில். லெவர்குசனின் பலமே எதிராளி எந்த இடத்தைக் காப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போது பந்தைச் சுற்றவிடுவது. அப்போது அட்டலாண்டாவின் கோச்சாக இருந்த ஜான் பியேரோ காஸ்பெரினி இடத்தைக் காக்கும் ஆளே இல்லை. அவர் டீம் வருஷக்கணக்காக ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு, மைதானம் முழுக்க, எதிராளியின் டிஃபெண்டர் வரைக்கும் துரத்துவது. ஜாக்கா திரும்பினால் முதுகில் ஒருவர், விர்ட்ஸ் பந்து வாங்கினால் காலடியில் ஒருவர். சுற்றிச் சுற்றிக் களைக்க வைக்கும் வேலைக்கு அவகாசமே கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட டீமுக்கு எதிராக முன்னால் பந்தைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும். அலோன்சோ போனிஃபேஸையும் ஷிக்கையும் பெஞ்சில் வைத்துவிட்டு, முன்வரிசையில் அட்லி, விர்ட்ஸ், ஃபிரிம்போங் என்று மூன்று சின்ன உருவக்காரர்களை இறக்கினார். அந்த சீசனில் அவர் எடுத்த முடிவுகளில் இது ஒன்றுதான் எனக்கு இன்றும் புரியாதது. ஒட்டி விளையாடுபவர்களைத் தனித்திறனால் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கலாம். தாண்ட விடவில்லை.

12-வது நிமிடத்தில் குறுக்கே வந்த பந்துக்கு பலாசியோஸ் தூங்கிவிட்டார், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அடெமோலா லுக்மன் ஓடிவந்து அடித்தார். 26-இல் அதே லுக்மன் ஜாக்காவின் கால்களுக்கு இடையே பந்தை விட்டு, பெட்டிக்கு வெளியிலிருந்து வளைத்தார். ஆஃப் டைமில் ஸ்டானிசிச்சை எடுத்துவிட்டு போனிஃபேஸை இறக்கியது அலோன்சோவுக்கே தவறு தெரிந்துவிட்டது என்று காட்டுகிறது. 75-இல் லுக்மன் டாப்சோபாவை ஏமாற்றி இடக்காலால் மூன்றாவது. 3-0. அட்டலாண்டாவுக்கு 1963 இத்தாலியக் கோப்பைக்குப் பிறகு முதல் பெரிய கோப்பை. முழுத் தகுதியோடு ஜெயித்தார்கள், லெவர்குசன் களைத்துப் போயிருந்தது என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன், அதற்கு முந்தின இரண்டு வாரம் லீக்கில் ஆட்களை நன்றாகவே மாற்றி மாற்றி ஓய்வு கொடுத்திருந்தார்கள்.

மூன்று நாள் கழித்து பெர்லினில் ஜெர்மன் கோப்பை இறுதி, எதிரணி இரண்டாம் டிவிஷன் கைசர்ஸ்லாட்டர்ன். எழுதிப் பார்த்தால் சுலபம். அப்படி இருக்கவில்லை. 17-இல் ஜாக்கா தூரத்திலிருந்து இடக்காலால் ஒன்று அடித்தார், 44-இல் கொசுனு இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார். பாதி ஆட்டத்தைப் பத்து பேரோடு, ஒரு கோல் முன்னிலையை வைத்துக்கொண்டு தள்ளினார்கள். அழகான ஆட்டம் இல்லை. 2002 டீமாக இருந்தால் இந்த ஆட்டத்தைத் தோற்றிருக்கும் என்றுதான் பார்க்கும்போது தோன்றியது. 1-0, இரண்டாவது கோப்பை. எல்லாப் போட்டிகளையும் சேர்த்தால் 53 ஆட்டம், 43 வெற்றி, 9 டிரா, 1 தோல்வி.

தோல்வியே இல்லாத சீசன் என்றதும் எல்லோரும் 2003-04 ஆர்சனலைச் சொல்வார்கள். அது 38 ஆட்டத்தில் 26 வெற்றி, 12 டிரா. 2011-12 யுவென்டஸ் 23 வெற்றி, 15 டிரா. லெவர்குசன் டிராவுக்கு ஆடிக் காப்பாற்றிய டீம் கிடையாது, ஆறே டிரா. அந்த ஆறிலும், மியூனிக்கில் வந்த 94-வது நிமிட பெனால்டி போக, டோர்ட்முண்டில் ஏப்ரலில் 97-இல் ஸ்டானிசிச், அடுத்த வாரம் ஸ்டுட்கார்ட்டுக்கு எதிராக 96-இல் ஆண்ட்ரிஹ் என்று இரண்டு கடைசி மூச்சில் வந்தவை, ஆனால் அதற்குள் பட்டம் உறுதியாகிவிட்டது, அந்த கோல்கள் இல்லாவிட்டாலும் சாம்பியன் அவர்கள்தான்.

திரும்ப நடக்குமா என்றால், இதே ஆட்களோடு நடக்க வழியில்லை. 2024 மார்ச் 29 அன்று அலோன்சோ இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன் என்று அறிவித்தார், லிவர்பூலும் பயர்னும் கோச் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த லீக்கில் இரண்டாவது ஆட்டத்திலேயே லைப்சிக்கிடம் 2-0 முன்னிலையிலிருந்து 3-2 தோற்றார்கள், சீசனை இரண்டாமிடத்தில் முடித்தார்கள். 2025-இல் அலோன்சோ ரியல் மாட்ரிடுக்கு, விர்ட்ஸும் ஃபிரிம்போங்கும் லிவர்பூலுக்கு, டா பயர்னுக்கு, ஜாக்கா சண்டர்லாண்டுக்கு என்று ஆளுக்கொரு திசை. ஒரே ஆட்டம் பார்க்க நேரம் இருந்தால் பிரேமனுடன் 5-0-ஐ விடுங்கள், அதன் ஹைலைட்ஸ் போதும். கராபாக்குடனான இரண்டாவது ஆட்டத்தை எழுபதாவது நிமிடத்திலிருந்து முழுசாகப் பாருங்கள், ஜாக்காவை மட்டும் கவனித்துக்கொண்டு.